கல்லின் ஏழாவது வரி

சாகப்போகிற மனிதரைச் சக்கரக் கட்டிலில் ஏற்றி வெளியே தள்ளிக்கொண்டு போனபோது, அவர் முகத்தில் வெயில் படக்கூடாதென்று பூசாரி குடை வேறு பிடித்தது. அதைப் பார்த்துத்தான் மங்கையர்க்கரசிக்கு வயிறு எரிந்தது. கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதரைச் சாகத் துரத்தினால் யாரைப் போய்த் திட்டுவது?

நஸீர் என்ற அந்தச் சிரியாக்காரக் கிழவர் கோயில் எல்லைக்குள் அடைக்கலம் புகுந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளியே அவரைப் பிடிக்க ஓர் அரசாங்கமே காத்துக் கிடந்தது. உள்ளே வந்து தொட ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. அப்பேர்ப்பட்டவரை வாசலில் நிறுத்தி, சட்டக்கல்லை முழுக்க வாசித்துக் காட்டி, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒலிவ மர நிழலில் கட்டிலோடு விட்டுவிட்டுத் திரும்பியது பூசாரி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உயிர் போய்விட்டது. காத்திருந்தவர்களுக்கு உடம்புதான் கிடைத்தது.

பூசாரி என்றால் ஆள் இல்லை, இயந்திரம். கோயிலும் நம் ஊர்க் கோயில் இல்லை. ஈஜியன் கடலில் ஒரு பொட்டுத் தீவு, அதில் இரண்டாயிரத்துச் சொச்சம் வருடப் பழைய கிரேக்கக் கோயில். கூரை என்றைக்கோ போய்விட்டது. நாலைந்து தூண்கள், நடுவில் ஒரு பலிபீடம், சுற்றிலும் எல்லைக்கற்கள், இவைதான் மிச்சம். அந்தக் காலத்துக் கிரேக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடிமையோ, கொலைகாரனோ, தோற்றுப்போன ராஜாவோ, எவனாக இருந்தாலும் எல்லைக்கல்லைத் தாண்டி ஓடிவந்து பலிபீடத்தைத் தொட்டுவிட்டால் அவன் மேல் கை வைக்கக்கூடாது. வைத்தால் சாமி குத்தம்.

கடல் உயர்ந்து, ஊர்கள் முழுகி, உலகத்தில் பாதிப்பேர் மூட்டையோடு ஓடிக்கொண்டிருக்கிற காலத்தில், இந்த வழக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தால் என்ன என்று ஓர் அறக்கட்டளைக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான், சும்மா சொல்லக்கூடாது. மனிதர்களிடம் காவலைக் கொடுத்தால் கை நீட்டி வாங்கிக்கொண்டு ஆளை விட்டுக்கொடுப்பார்கள். அதனால் இயந்திரத்திடம் கொடுத்தார்கள். பல நாடுகள் கையெழுத்துப் போட்டன. கோயில் சட்டத்தை மீறுகிறவன் தனி ஆளோ, கம்பெனியோ, அரசாங்கமோ, அவனுக்கு எந்தத் துறைமுகமும் திறக்காது, விமான நிலையமும் திறக்காது. அந்தச் சாவி பூசாரியிடம். சாமிக்குப் பயப்படாதவனும் பூசாரிக்குப் பயந்தான்.

பூசாரிக்கு எது சட்டம்? கோயில் வாசலில் மார்பளவு உயரத்துக்கு நிற்கும் அந்தப் பளிங்குக்கல். அதைப் படித்துச் சொன்னவள் மங்கையர்க்கரசி. அம்பாசமுத்திரத்துக்காரி. ஊர்க் கோயில் சுவர்களில் கல்வெட்டுப் படித்துப் பழகி, அங்கிருந்து கிரேக்கக் கல்லுக்குத் தாவியவள். கல்வெட்டுக்காரர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு, ஓர் எழுத்தையும் விடமாட்டார்கள். "அடைக்கலத்தைப் பற்றிய வரிகள் மட்டும் போதுமே" என்று அறக்கட்டளையில் சொன்னார்கள். இவள் ஒற்றைக்காலில் நின்றாள். கல் என்றால் முழுக்கல். இன்றைக்கு நாம் வேண்டாத வரியை விட்டால் நாளைக்கு இன்னொருவன் வேண்டிய வரியை விடுவான். என் பிரதியைக்கூட நம்ப வேண்டாம், இயந்திரம் கல்லையே நேராகப் படிக்கட்டும் என்றாள். சரியென்று அப்படியே செய்தார்கள். ஏழாவது வரியும் அதில் சேர்ந்துகொண்டது.

'இந்த எல்லைக்குள் எவரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது.'

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

நஸீரின் கட்டில் வெளியே போனதை ஒரு தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள் ஜெசிந்தா. நிறைமாதம். இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கியிருந்தாள்.

"அக்கா, அந்த வண்டி எனக்கும் வரும், என்ன?"

"வாயக் கழுவுட்டி. நீ என்ன சாகவா போற?"

"சாவுக்கு மட்டுமா அந்த வரி? நீங்கதான படிச்சுச் சொன்னிய, பொறக்கவும் கூடாதுன்னு."

மங்கையர்க்கரசி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் நிழலில் உட்காரவைத்தாள்.

ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. கடல் தெருவுக்குள் வந்து, பிறகு வீட்டுக்குள்ளும் வந்துவிட்ட ஊர். அவளும் புருஷன் சூசையும் நடுக்கடலில் மீன் வளர்க்கும் மேடை ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தார்கள். வலையைச் சரிபார்க்க முழுகிய சூசை மேலே வரவில்லை. அழுது முடிப்பதற்குள் அவள் வயிற்றைப் பார்த்த மேடை டாக்டர், "வாழ்த்துகள்" என்றாராம். அந்த வாழ்த்துக்கு என்ன அர்த்தம் என்று கூட வேலை பார்த்த பெண்கள் சொன்ன பிறகுதான், தீவனப் படகின் அடித்தட்டில் ஒளிந்து இங்கே ஓடிவந்தாள். பலிபீடத்தைத் தொட்டபோது அவளுக்கு அது யார் சாமி என்றுகூடத் தெரியாது. மாதாவே என்றுதான் தொட்டாள்.

அவளைத் தேடி வந்தவர் லிங்கதுரை. மீன் மேடைக் கம்பெனியின் ஆள். சாத்தான்குளத்துக்காரர். எல்லைக்கல்லுக்கு ஒரு முழம் தள்ளி மடக்கு நாற்காலி போட்டுத் தினமும் உட்கார்ந்திருப்பார். இஸ்திரி போட்ட சட்டை, இதமான பேச்சு. அன்றைக்குச் சாயங்காலம் மங்கையர்க்கரசி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். அவளைத் தடுக்க யாருமில்லை. அவள் உத்தியோகஸ்தி, உள்ளேயும் போகலாம், வெளியேயும் போகலாம்.

"வாங்க மேடம். பெரியவர் காலமாயிட்டாரே, பாவம். நல்ல மனுஷன்."

"லிங்கதுரை, அந்தப் பிள்ளைய விட்டுருங்களேன். புருஷனப் பறிகொடுத்தவ."

"நான் என்ன முரடனா மேடம்? அவள ஒரு சொல்லு வைஞ்சிருக்கேனா? ஏழு வருஷம்னு கையெழுத்துப் போட்டா. முடிக்கல. வந்து முடிச்சுட்டுப் போகட்டும்."

"பொறக்கப் போற பிள்ள என்ன கையெழுத்துப் போட்டுது?"

"அது ஒப்பந்தத்துலயே இருக்கு மேடம். ஒப்பந்தத்துல உள்ளவளுக்குப் பிறக்கிற பிள்ள, எந்த ஊர்ல பிறந்தாலும், பதினெட்டு வயசு வரைக்கும் மேடையிலதான் வளரணும். அங்க பள்ளிக்கூடம் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, பாலுக்கும் முட்டைக்கும் பஞ்சமே கிடையாது."

"ஏழு வருஷம் முடிஞ்சா அம்மா அந்தப் பிள்ளையக் கூட்டிட்டுப் போலாமா?"

"அம்மா தாராளமாப் போலாம் மேடம்."

அவர் அதைச் சொன்ன நிதானத்தில்தான் மங்கையர்க்கரசிக்கு விஷயம் புரிந்தது. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு எந்தத் தாய் போவாள்? ஏழு வருட ஒப்பந்தம் பதினெட்டு வருடம் ஆகும். அதற்குள் பிள்ளைக்கும் ஒரு கையெழுத்து ஆகிவிடும். அடப் பாவிகளா, சங்கிலி இல்லாமல் கட்டிப்போட இப்படியும் ஒரு வழியா!

"கோயிலுக்குள்ள பிறந்தா?" என்று கேட்டாள்.

"கோயிலுக்குள்ள எங்க ஒப்பந்தம் செல்லாது. அங்க பிறந்த பிள்ள மேல எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது, எங்க வக்கீலே சொல்லிட்டாரு." லிங்கதுரை நிஜமான வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ஆனா கோயிலுக்குள்ளதான் பிறக்க முடியாதே, மேடம்."

அறக்கட்டளையின் தலைவி தியோடோரா ஏதென்ஸில் இருந்தாள். மங்கையர்க்கரசி அவளுக்குப் போன் போட்டாள். தியோடோரா கல்நெஞ்சக்காரி இல்லை. முழுக்கக் கேட்டாள், ஒரு பெருமூச்சும் விட்டாள்.

"அரசி, இன்றைக்கு ஒரு வரிக்குக் கண்ணை மூடிக்கொள் என்று இயந்திரத்துக்கு நான் சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கே நாலு அரசாங்கம் வந்து நிற்கும். அடைக்கலம் சொல்லும் முதல் வரிக்கும் கண்ணை மூடு, உள்ளே இருக்கிறவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறோம் என்பார்கள். இது உன் வாதம். நீதான் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாய்."

"சொன்னேன்."

"அது சரியான வாதம் அரசி. அதுதான் கஷ்டம்."

போனை வைத்த பிறகு மங்கையர்க்கரசி தன்னையே நாலு வார்த்தை வைதுகொண்டாள். வைது என்ன பிரயோசனம்? பூசாரியிடமே கேட்டுவிடலாம் என்று ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு பலிபீடத்தருகே போனாள். பூசாரிக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான், ஆகவே அது பத்திரிகைத் தமிழில் பேசும்.

"பூசாரி, இவளுக்கு வலி கண்டால் என்ன செய்வாய்?"

"கட்டில் வரும். குடையும் வரும். வாசலில் கல்லை வாசித்துக் காட்டிவிட்டு வெளியே கொண்டுபோய் விடுவேன்."

"இவள் பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டால்?"

"பலிபீடத்தைப் பிடித்த கையை நான் விலக்கமாட்டேன். கை தளரும்வரை காத்திருப்பேன்."

"பெத்து முடிச்சுட்டுத் திரும்பி வந்தா சேப்பியா?" இது ஜெசிந்தா.

"சேர்த்துக்கொள்வேன். நாற்பது நாள் கழித்து. பிள்ளை பெற்றவள் அதுவரை எல்லைக்குள் நுழையக்கூடாது என்பது ஒன்பதாவது வரி."

"அடேயப்பா, பிள்ளத்தீட்டு இங்கயுமா!" என்று ஜெசிந்தா சிரித்தே விட்டாள். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. உனக்குப் பேரு வச்சவ நாந்தான். சரியாத்தான் வச்சிருக்கேன்."

பூசாரி நன்றி சொன்னது.

சிரிப்பு அடங்கியதும் அவள் அப்படியே பலிபீடத்தின் படியில் உட்கார்ந்துவிட்டாள். "உள்ள இருந்தாப் பெறக் கூடாது. வெளிய போனாப் பிள்ள எனக்கில்ல. பெறாமலே வச்சுக்க முடியுமாக்கா?" என்றாள்.

மங்கையர்க்கரசி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினாள். ஏதாவது பேச வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னாள். "இது அப்பல்லோன்னு ஒரு சாமி கோயில்ட்டி. இந்தச் சாமியோட அம்மைக்கே பேறுகாலத்துக்கு எடம் கெடைக்கல. பெரிய சாமியோட பொஞ்சாதிக்குக் கோவம், எந்த மண்ணும் இவளுக்கு எடம் குடுக்கக் கூடாதுன்னுட்டா. வயித்தத் தள்ளிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சா. கடைசியில ஒண்ணுத்துக்கும் ஆகாத ஒரு பாறத் தீவுதான் எடம் குடுத்துது."

"சத்திரத்துல எடமில்லன்னு நம்ம மாதாவத் தொரத்தின மாதிரி."

"அதே மாதிரிதான்."

"அப்படிப் பொறந்த சாமி கோயில்லயா பொம்பள பெறக் கூடாதுங்காவ?" ஜெசிந்தா தூண்களை ஒரு பார்வை பார்த்தாள். "வெக்கமா இல்ல?"

இந்தக் கேள்வியை மங்கையர்க்கரசி படித்த எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. சுத்தம், தீட்டு, புனிதம் என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறாள், வெட்கம் என்ற சொல் ஓர் இடத்திலும் வந்ததில்லை.

அதற்கடுத்த நாட்களில் அவள் கோயிலின் மற்ற கற்களை எல்லாம் மறுபடி படித்துப் பார்த்தாள். ஏதாவது ஒரு விதிவிலக்கு, ஏதாவது ஒரு சந்து. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய தீர்மானக்கல்லைத் தடவிக்கொண்டிருந்தபோது விரல் ஓரிடத்தில் சறுக்கியது. நடுவில் ஒரு வரி மட்டும் இல்லை. மேலும் கீழும் எழுத்து இருக்க, நடுவில் மழுமழுவென்று ஒரு பட்டை. அவளுக்குத் தெரியாததா? கிரேக்கர்கள் ஒரு சட்டம் வேண்டாமென்றால் கல்லைத் தூக்கி எறியமாட்டார்கள். அந்த வரியை மட்டும் உளியால் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மீதி வரிகள் அப்படியே நிற்கும், அப்படியே செல்லும்.

வெளியே வந்து பூசாரியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "ஒரு வரியை மட்டும் செதுக்கி எடுத்த கல்லை நீ எப்படிப் படிப்பாய்?"

"செதுக்கிய வரி ரத்து. மற்றவை நிற்கும். அது அவர்கள் வழக்கம். நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள்."

"கல் உடைந்துபோனால்?"

"உடைந்த கல்லில் எந்தச் சட்டம் எங்கே முடிகிறது என்று தெரியாது. முழுக்கல்லும் செல்லாது. எல்லை திறந்துவிடும்."

எல்லை திறந்தால் ஜெசிந்தா மட்டுமா? உள்ளே இருக்கும் அத்தனை பேரும் போவார்கள். வாசலில் காத்திருக்கும் ஒவ்வொருவனும் தன் ஆளைப் பிடித்துக்கொண்டு போவான். மங்கையர்க்கரசி தன் விரல்களைப் பார்த்தாள். எழுத்தைத் துடைத்துப் பழகிய விரல்கள், ஒருநாளும் வெட்டிப் பழகியதில்லை. "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஊரில் புருஷன் ஆவுடையப்பன் அவள் வருகைக்காக மச்சு அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நாளில் லீவு. போய்விட்டால் இந்தக் கண்றாவியைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்கு உடனே கூசினாள்.

லீவு வரும்வரை பிள்ளை பொறுக்கவில்லை. உச்சி வெயிலில் ஜெசிந்தாவின் சத்தம் கேட்டது.

மங்கையர்க்கரசி ஓடிவந்தபோது அவள் பலிபீடத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். அடைக்கலம் வந்த பெண்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு பாஷையில் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சக்கரக் கட்டில் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. குடையும் விரிந்துவிட்டது. பூசாரி அவசரப்படவில்லை. பேறுகால வலியில் ஒரு கல்லை விடாமல் பிடித்திருக்க எந்த மனுஷியால் முடியும்? அதற்கு அது தெரியும்.

"விட்டுராதட்டி!" என்று கத்தினாள் மங்கையர்க்கரசி. "நான் வாரவரைக்கும் விட்டுராத!"

கொட்டகைக்கு ஓடி உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வாசல் கல்லுக்கு வந்தாள். ஏழாவது வரியின் முதல் எழுத்தில் உளியை வைத்தாள். இந்த எழுத்தைத் தூரிகையால் துடைத்துத் துடைத்து வெளியே கொண்டுவந்தவள் அவள். வெட்டியவன் கை எங்கே அழுத்தியது, எங்கே களைத்தது என்பதுகூட அவளுக்கு அத்துபடி. முதல் அடியில் கல் தெறித்துக் கன்னத்தில் பட்டபோது, பெற்ற பிள்ளையை அடித்ததுபோல் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அடுத்த அடி அடித்தாள்.

எல்லைக்கு வெளியே லிங்கதுரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மேடம்! என்ன செய்திய! ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லு மேடம்! ஜெயில்ல போட்டுருவாவ!"

"போடட்டும்வே!" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரை, ஊர் ஆம்பளைகள் மாதிரி, 'வே' போட்டுப் பேசினாள்.

மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஒரு தடவை உளி வழுக்கிக் கீழே இறங்கியது. குனிந்து பார்த்தாள். எட்டாவது வரியின் தலைமேல் ஒரு கீறல், அவ்வளவுதான், எழுத்து தப்பியது. 'பிறக்கவும்' போய்விட்டது. 'கூடாது' போய்விட்டது. 'இறக்கவும்' என்ற சொல்லில் இருந்தபோது பின்னால் பெண்களின் ஓலம் கேட்டது. ஜெசிந்தாவின் கை தளர்ந்துவிட்டது.

சக்கரங்கள் உருண்டு வரும் சத்தம். மங்கையர்க்கரசி திரும்பிப் பார்க்கவில்லை. செதுக்கினாள். கட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. ஜெசிந்தா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று முனகினாள். கடைசி எழுத்தை மட்டம் தட்டிவிட்டு மங்கையர்க்கரசி விலகி நின்றாள்.

"படி" என்றாள்.

பூசாரி வாசித்தது. நஸீருக்கு வாசித்த அதே நிதானம். முதல் வரி, இரண்டாம் வரி என்று ஒவ்வொன்றாக. ஆறாவது வரி முடிந்தது. பூசாரி நின்றது. எல்லோரும் பூசாரியையே பார்த்தார்கள், எல்லைக்கு வெளியே லிங்கதுரை உட்பட.

"ஏழாவது வரி செதுக்கப்பட்டிருக்கிறது. எட்டாவது வரி..."

கல் செல்லும்! மங்கையர்க்கரசி கல்லின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பூசாரி மீதியையும் வாசித்து முடித்தது. வெளியேற்ற வரி இல்லை என்று சொல்லிவிட்டுக் கட்டிலைத் திருப்பியது. குடையை மட்டும் மடக்கவில்லை. பலிபீடத்துக்குப் பக்கத்தில், அந்தக் குடை நிழலில், ஜெசிந்தாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கோயிலே அதிரும்படி ஒரு வீறல்.

"நாற்பது நாள்?" என்று மங்கையர்க்கரசி சந்தேகத்தோடு கேட்டாள்.

"பிள்ளை பெற்றவள் நுழையக்கூடாது என்பது கல். அவள் நுழையவில்லை, உள்ளேதான் இருக்கிறாள்" என்றது பூசாரி. "ஆனால் நீங்கள் வெளியேற வேண்டும்."

அவளுக்குத் தெரியும். கல்லின் கடைசி இரண்டு வரிகளைப் படிக்காமலா உளியை எடுத்தாள்? நம் ஊர்க் கல்வெட்டுகளில், இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான் என்று முடிப்பார்கள். இங்கேயும் அப்படி ஒரு சாபம்தான். 'இந்தக் கல்லின் எழுத்தைச் செதுக்குபவருக்கு இந்த எல்லைக்குள் இடமில்லை. எந்தத் துறையும் அவரை ஏற்காதிருக்கட்டும்.' காராம்பசு சாபம் பலித்ததை யாரும் கண்ணால் கண்டதில்லை. இது பலிக்கும், சாவி பூசாரியிடம் இருக்கிறது.

ஜெசிந்தா பிள்ளையை மார்போடு அணைத்தபடி அங்கிருந்தே கத்தினாள். "அக்கா, அந்தக் கடைசி ரெண்டு வரியையும் செதுக்கிருங்கக்கா! உளி கையிலதான இருக்கு!"

"செதுக்கினால் அதுவும் ரத்து" என்றது பூசாரி, கேட்காமலே.

மங்கையர்க்கரசி உளியைக் கொண்டுபோய்க் கடைசி வரிக்கு முந்தைய வரியில் வைத்தாள். உண்மையைச் சொன்னால் சுத்தியலையும் ஓங்கிவிட்டாள். ஆவுடையப்பன் வெள்ளையடித்த மச்சு அறை கண்ணில் வந்து நின்றது. அப்போதுதான் தற்செயலாக லிங்கதுரையைப் பார்த்தாள். அவர் போலீஸுக்குப் போன் பேசி முடித்துவிட்டு எல்லைக்கல்லருகே நின்று, கல்லையும் உளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ புதிதாகக் கற்றுக்கொள்கிற மாணவனின் முகம்.

"ஓ" என்றார் மெதுவாக. "செதுக்கினா ரத்தா, மேடம்?"

இந்தச் சாபத்தையும் எடுத்துவிட்டால் நாளைக்கு இவர் ஓர் உளியோடு வருவார். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முதல் வரியைச் செதுக்குவார். செதுக்கியவன் கம்பெனிக்குக் கப்பல் ஓடாது என்ற அந்தப் பயம் ஒன்றுதான் இனிமேல் இந்தக் கல்லுக்கு வேலி.

சுத்தியலைக் கீழே இறக்கினாள். "வேண்டாம்ட்டி. அது இருக்கட்டும்" என்றாள். போய்ப் பிள்ளையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு உளியைக் கல்லடியில் வைத்துவிட்டு, எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே நடந்தாள்.

போலீஸ் படகு சாயங்காலம் வந்தது. வந்தவர்கள் விலங்கெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அவர்களுக்குள் ஒரே குசுகுசுப்பு. அவளை ஏற்றிய படகை எந்தத் துறைமுகமும் ஏற்காது. ஜெயில் இருக்கும் தீவின் துறைமுகமும் துறைமுகம்தானே! கடைசியில் மூத்த அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அம்மா, நீங்கள் கைதாகிவிட்டீர்கள். ஆனால் இங்கேயே இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டால் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை.

கோயில் எல்லைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு துண்டு நிலம்தான் அவளுக்கு இனி உலகம். பழைய பணியாளர் குடிசை ஒன்று இருந்தது, அதில் தங்கினாள். உள்ளே போக முடியாது. ஊருக்கும் போக முடியாது. ஆவுடையப்பன் போனில் முதலில் சத்தம் போட்டார், பிறகு அழுதார், பிறகு தானே கப்பலேறி வருவதாகச் சொன்னார். அதற்கு மனு போட்டிருக்கிறார். லிங்கதுரை கொஞ்ச நாள் வந்தார். ஜெசிந்தா என்றைக்காவது எல்லை தாண்டுவாள் என்று பார்த்தார். பிறகு அவரை வேறு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்தில் வந்தவனுக்கு அந்த இதமான பேச்சுகூடத் தெரியாது.

ஜெசிந்தா தினமும் எல்லைக்கல் வரை வருவாள். இவள் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். கை எட்டும் தூரம்தான், ஆனால் ஜெசிந்தா கையை நீட்டுவதில்லை. புதிதாக வந்தவன் நீட்டிய கையைப் பிடித்து இழுத்துவிடுவான் என்ற பயம்.

ஒருநாள் இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்து மீன்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை புல்லில் தவழ்ந்துகொண்டிருந்தது. பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை. ஜெசிந்தா திரும்பிப் பார்ப்பதற்குள் அது எல்லைக்கல்லைச் சுற்றி வந்து, இரண்டு முழங்காலும் வெளியே வைத்துவிட்டது.

"அய்யோ, அக்கா! வெளிய வந்துட்டா! பிடிங்க!" ஜெசிந்தா அலறியபடி எழுந்தாள். எழுந்தவள் எல்லையில் நின்றுவிட்டாள். அதற்குமேல் அவளால் ஓர் அடி வைக்க முடியாது.

புதியவன் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தான். பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து, அதன் காலைப் பார்த்தான். ஒப்பந்த ஆட்களுக்குக் கம்பெனி கட்டும் பட்டை எதுவும் அந்தக் காலில் இல்லை. கம்பெனிப் பதிவைக் காட்டும் கருவியைக் கையில் எடுத்து நீட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். கருவி ஒன்றும் சொல்லவில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நாற்காலிக்கே திரும்பிப் போனான்.

பிள்ளை அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராகத் தவழ்ந்து வந்து மங்கையர்க்கரசியின் சேலையைப் பிடித்தது, கொஞ்ச நேரம் அதைச் சப்பியது. பிறகு அலுத்துப்போய், வந்த வழியே திரும்பி, எல்லைக்கல்லைத் தாண்டி அம்மாவிடம் போனது. போன வேகத்தில் மறுபடியும் வெளியே வந்தது.

"பூசாரி!" ஜெசிந்தா கூப்பிட்டாள். "இவ இப்படிப் போலாமா, வரலாமா? கல்லு என்ன சொல்லுது?"

பூசாரி கல்லை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்துப் பார்த்தது.

"இவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை" என்றது.

ஜெசிந்தா எல்லைக்கல்லின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மங்கையர்க்கரசி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கடலைக் காட்டப் போனாள்.